இடது பக்கத்து உரசல்

"பர்ர்ர்ர்" என்று இடது பின்சக்கரம் அலறியது. அரங்கநாதன் தன் அம்பாசடரை அரியலூர் கடைத்தெருவிலேயே ஓரங்கட்டி இறங்கினார். ரப்பர் கருகிய வாசனை குப்பென்று வந்தது.

"என்னண்ணே, நேத்துத்தான மாட்டுனீங்க?" என்றான் எதிர்க்கடைக்காரன்.

"புதுசுல்ல, கொஞ்சம் பழகணும்" என்றார் அரங்கநாதன், புது மாப்பிள்ளைக்குப் பரிந்து பேசுகிற மாமனார் மாதிரி.

சாதாரணச் சக்கரமா அது? திருச்சியில் யாரோ பிரித்துப் போட்ட வெளிநாட்டுக் காரின் அகல ரிம். நான்கையும் தேடிப்பிடித்து வாங்கி, பெரம்பலூர் மெக்கானிக் உத்திராபதியிடம் கொடுத்து, 'ஆறு எழுபது' சைஸ் அகல டயரோடு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். வண்டியோடு வந்த பழைய டயரோ அகலம் குறைந்த ஐந்து தொண்ணூறு. புது டயர் புடைத்து நின்ற அழகைப் பார்க்க ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு கூட்டமே கூடியது.

இதெல்லாம் வெறும் ஆசைக்காக இல்லை. பதினோரு வருஷமாக ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. சிமென்ட் ஆலைக்கு மாத வாடகையில் ஒரு கார் வேண்டுமாம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துப் பாதையில் முழங்கால் ஆழத்துக்கு வெள்ளைப் புழுதி. போன வருஷம் ஓடிய கார் வாரத்துக்கு இரண்டு முறை அதில் புதைந்து போனது. வருகிற வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு அதிகாரி ரயிலில் வந்து, காரில் ஏறிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். போட்டிக்கு ராசாங்கத்தின் கார் ஒன்றுதான். ராசாங்கத்தின் டயரோ வழுக்கை. அகலச் சக்கரம் இருந்தால் வேலை தனக்குத்தான் என்று அரங்கநாதன் முடிவே கட்டிவிட்டார்.

அவர் ஒன்றை முடிவு கட்டினால் யாராலும் அவிழ்க்க முடியாது.

அப்போதே பெரம்பலூருக்குக் கிளம்பினார். வழி முழுக்க வண்டி "பர்ர்ர்" என்று திட்டிக்கொண்டே வந்தது. பாதி வழியில் பேரளி ஊரைத் தாண்டியதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. உத்திராபதியின் பட்டறையில் போய் நின்றபோது மூச்சே இல்லை.

உத்திராபதி தானே ஓட்டிப் பார்த்தான். இடது, வலது, மேடு, பள்ளம் எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினான்.

"எங்கண்ணே உரசுது?"

"அரியலூர்ல உரசுதுய்யா!"

"ஊரு மாறுனா உரசாதா?"

"நக்கல் பண்ணாத. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் நிக்கணும்."

உத்திராபதி யோசித்தான். ஆள் ஏறினால் பின்பக்கம் இறங்கும், அப்போது டயர் மட்கார்டின் விளிம்பைத் தொடலாம் என்று சொல்லி, சுத்தியலை எடுத்து விளிம்பை உள்ளே மடக்கித் தட்டினான். தட்டியதில் பெயின்ட் பெயர்ந்து, மட்கார்டு அம்மைத் தழும்பு முகம் போல ஆனது. அரங்கநாதன் தழும்புகளைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் வண்டி சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

"என்னங்க, வண்டிய இப்படி அடிச்சு வெச்சிருக்காங்க?" என்று பதறினாள் மனைவி கொளஞ்சியம்மாள்.

"அழகு போனா போவுது. சத்தம் போயிடுச்சு பாரு."

மறுநாள் காலை தெருமுனை திரும்புவதற்குள் "பர்ர்ர்ர்."

இந்த முறை உத்திராபதி சாக்பீஸும் நூலும் எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். பேரளியிலேயே சத்தம் நின்றுவிட்டதால் அவனுக்குக் கேட்க ஒன்றும் கிடைக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வலது பக்கம் ஒரு விரலு நுழையுற எடந்தான் இருக்கு, அது உரசல. இடது பக்கம் முழுக் கையே நுழையுது, அதான் உரசுதுங்கிறீங்க. என் சர்வீசுல இப்படி ஒரு வண்டியப் பாத்ததில்ல."

"அதுக்கு என்ன பண்ணணும், அதச் சொல்லு."

"பழைய சக்கரத்தையே மாட்டிடுங்க."

"அது மட்டும் நடக்காது."

"அப்ப டயரைக் கொறைப்போம்."

ஆறு எழுபதைக் கழற்றிவிட்டு 'ஆறு நாற்பது' மாட்டினார்கள். உயரமும் குறைந்தது, அகலமும் குறைந்தது. அகல ரிம்மில் ஒல்லி டயர், பெரிய சட்டை போட்டுக்கொண்ட நோஞ்சான் பிள்ளை போல இருந்தது. வீடு வரும்வரை சத்தமில்லை. விடிந்ததும் "பர்ர்ர்ர்."

புதன்கிழமை, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகி, வண்டியின் பின்பக்கத்தையே உயர்த்தினான் உத்திராபதி. இப்போது அம்பாசடர் குனிந்து எதையோ தேடுவது போல நின்றது. பின்சீட்டில் உட்கார்ந்தவர் வழுக்கி வழுக்கி முன்னால் வந்தார். தா.பழூருக்குப் போகவேண்டிய ஒரு கல்யாணக் கோஷ்டி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நாங்க பஸ்ஸுலயே போயிக்கிறோம்" என்று நடையைக் கட்டியது.

வியாழக்கிழமை காலையும் வண்டி உரசியது.

"வெள்ளாட்டுக் குட்டி மாதிரி பிடிவாதம் பிடிக்குது" என்று வீட்டில் வந்து விழுந்தார் அரங்கநாதன்.

"வண்டியா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். வலது பக்கம் திரும்பினால் வண்டி இடது பக்கம் சாயும். இடது பக்கம் சாய்ந்தால் உரசும். ஆக, வலது பக்கம் திரும்பவே கூடாது. ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு இடது திருப்பங்கள் மட்டுமே வருகிற பாதை ஒன்றை அரியலூரின் சந்து பொந்துகளை எல்லாம் சேர்த்துக் கண்டுபிடித்தார். அதோடு அதிகாரியை வலது பக்கம் உட்கார வைத்துவிட்டால் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை ரயில் வந்தது. வெள்ளைப் பேன்ட் அணிந்த அதிகாரி இறங்கினார்.

"சார், இந்தப் பக்கம் ஏறுங்க" என்று வலது பின்கதவைத் திறந்தார் அரங்கநாதன்.

"நான் எப்பவும் இடது பக்கந்தான் உட்காருவேன்" என்றார் அதிகாரி. முப்பது வருஷ உத்தியோகப் பழக்கம். இடது பக்கமே ஏறினார், ஏறியதும் முன்னால் வழுக்கினார், முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. "பர்ர்ர்ர்."

"என்ன சத்தம்?"

"ரோடு சார்."

இடது பக்கம் திரும்பினார்கள். மறுபடி இடது. மறுபடி இடது.

"இந்த பஸ் ஸ்டாண்டை இப்பத்தானே பார்த்தோம்?"

"ஊர் சின்னது சார். எங்க போனாலும் பஸ் ஸ்டாண்டு வரும்."

மூன்றாம் தடவை பஸ் ஸ்டாண்ட் வந்தபோது அதிகாரி மூக்கைச் சுளித்தார். "ஏதோ எரியுற வாசனை வருதே! வண்டிய நிறுத்துங்க!"

இறங்கினார். உயர்ந்து நின்ற பின்பக்கத்தையும், நசுங்கிய மட்கார்டையும், அகல ரிம்மில் தவித்த ஒல்லி டயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னாலேயே மெதுவாக வந்துகொண்டிருந்த ராசாங்கத்தின் காரைக் கைதட்டி நிறுத்தி, அதன் இடது பக்கம் ஏறிப் போய்விட்டார். வழுக்கை டயர்கள் ஒரு சத்தமும் போடாமல் உருண்டன. சாயங்காலமே ஒப்பந்தம் ராசாங்கத்துக்கு முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அரங்கநாதன் வீட்டு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவமானமாக இருந்தது. அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது. கடைசியில் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"விட மாட்டேன், கொளஞ்சி. ஒப்பந்தம் போனா போவட்டும். இந்தச் சத்தத்த நிறுத்தாம நான் ஓய மாட்டேன். 'அஞ்சு அறுபது'ன்னு இன்னும் சின்ன சைஸு ஒண்ணு இருக்காம். நாளைக்கே உத்திராபதிகிட்ட போறேன்."

"போயிட்டு வாங்க. ஆனா கால்ல கெடக்குற செருப்புல ஒண்ணைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க."

"செருப்பு எதுக்குடி?"

"ஊரே அந்தச் சக்கரத்தையே பாக்குதே, கண்ணு பட்டுடக் கூடாதுன்னு, நீங்க வண்டியக் கொண்டாந்து நிறுத்துறப்பல்லாம் இடது பக்கத்து மட்கார்டுக்குள்ள ஒரு பழைய செருப்பக் கட்டித் தொங்கவுடறேன், மறுநாளே தேஞ்சு அறுந்து போயிடுது, வூட்டுல இருந்த பழசெல்லாம் தீந்துபோச்சுங்க, அம்புட்டுக் கண்ணு!"