நீலக் கொடியைச் சுட்ட விவரம்

கேரள மலைக்கிராமமான வட்டவடைக்கு மேலே, விண்வெளியைக் கவனிப்பதற்காக அரசாங்கம் ஒரு நிலையம் கட்டியது. பன்னிரண்டு வருஷம் கவனித்தார்கள். பிறகு கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வானத்தைப் பார்த்துக் கிடந்த பெரிய இரும்புத் தட்டில் ஒரு நீலக் கொடி முளைத்தது. யாரும் விதைக்கவில்லை. நாளுக்கு ஒரு முழம் வளர்ந்தது. தொட்டால் முனகியது. மேலேயிருந்து விழுந்த விதை என்றார்கள் சிலர். எங்கேயிருந்து விழுந்தால் என்ன, வேலி தாண்டி மாரீஸ்வரியின் பூண்டுப் பாத்திக்குள் வந்துவிட்டது. அவளுக்கு இருப்பதே அந்த அரை ஏக்கர். அறுவடைக்கு இருபது நாள்தான் பாக்கி. வெட்டினால் இரண்டாகக் கிளைத்தது. வேரோ அரசாங்கப் பூட்டுக்குள்.

பயிர்ச் சேத அலுவலகத்தில் குமாஸ்தா சிஜு அவள் மனுவைப் படித்து மிகவும் வருந்தினார். படிவத்தில் யானை, காட்டுமாடு, குரங்கு, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி என்று ஐந்து கட்டங்கள். கொடிக்குக் கட்டம் கிடையாது.

“சேச்சி, அது உறுமுமோ?”

“லேசா முனகும் சார்.”

“மண்ணைக் கிளறுமோ?”

“வேர் விட்டாக் கிளறத்தானே செய்யும்.”

“பின்னே எந்தா?” என்று காட்டுப்பன்றிக் கட்டத்தில் டிக் போட்டார்.

இவ்வளவு வேகத்தை மாரீஸ்வரி எதிர்பார்க்கவில்லை. மறுநாளே உத்தரவு வந்தது. உத்தரவோடு, பன்றி சுட லைசென்ஸ் வைத்திருக்கும் சுடலைமணியும் துப்பாக்கியும் கையுமாக வந்து சேர்ந்தார்.

“பன்னி எங்க தாயி?”

காட்டினாள். அவர் கொடியைப் பார்த்தார். உத்தரவைப் பார்த்தார்.

“தல எந்தப் பக்கம்?”

“தெரியலண்ணே.”

“அப்ப நடுவுல சுடுதேன்.”

சுட்டார். கொடி முனகியது. நாலு முழம் அறுந்து விழுந்தது. சடலத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. மிருக டாக்டர் வந்தார், கையுறை மாட்டினார், தண்டைக் கீறினார். உள்ளே நாற்பது விதைகள். டாக்டரின் முகம் இருண்டது. சினைப்பன்றியைச் சுடக் கூடாது என்பதும் விதி.

சுடலைமணியின் துப்பாக்கியை வாங்கி வைத்தார்கள். மாரீஸ்வரிக்கு நோட்டீஸ் வந்தது. அவள் சிஜுவிடம் ஓடி, அது கொடிதான், ஊருக்கே தெரியும் என்றாள்.

“கொடின்னு சொன்னா பொய் மனு கொடுத்த கேஸாகும் சேச்சி. அது இதைவிடப் பெரிசு. பன்னியாவே இருக்கட்டே.”

இருந்தது. தாயை இழந்த நாற்பது குட்டிகளையும் மனுதாரரே, சம்பவ இடத்திலேயே, தக்க பராமரிப்புடன் வளர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பூண்டை முற்றுமுன்னே பிடுங்கிப் போட்டுவிட்டு விதைகளை ஊன்றினாள்.

இரண்டே மாதத்தில் வாசலில் ‘காட்டுப்பன்றிக் குட்டிகள் காப்பகம்’ என்று அலுவலகம் பலகை நட்டது. மூணாறிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள். நீல இலைகளுக்கு நடுவே நின்று படமெடுத்தார்கள். அபூர்வப் பன்றிகள் என்று ஊரெல்லாம் அனுப்பினார்கள். பன்றி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தி மட்டும் குனிந்து ஒரு தளிரைத் தொடப் போனாள். மாரீஸ்வரி பதறி ஓடி வந்தாள்.

“தொடாதீங்கம்மா. புதுசா குட்டி போட்டிருக்கு, கடிச்சிரும்.”

அந்த அம்மாள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு கேட்டாள்: “எத்தனை குட்டிங்க?”