சத்தத்தை விழுங்கிய அண்டா

காற்றாலை சுற்ற ஆரம்பித்ததிலிருந்து அந்தக் குடியிருப்பில் எது நடந்தாலும் பழி அதன் தலையில்தான். பால் திரிந்தால் காற்றாலை. பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் காற்றாலை. மாமியாரும் மருமகளும் ஒரு வாரம் சண்டையே போடவில்லையா? ஐயோ, நம் காதுதான் போய்விட்டது, அதற்கும் காற்றாலை.

இப்படிப்பட்ட புண்ணிய பூமியில் ஒலிவிழுங்கியார் என்றொரு மகான் வந்து இறங்கியதில் என்ன ஆச்சரியம்? வெல்லம் இருக்கும் இடத்தை ஈக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

மனிதர் ஒரு வெள்ளை ஜீப்பில் வந்தார். யாருடைய ஜீப் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகான்களிடம் போய் வண்டி விவரமா கேட்பார்கள்? கூடவே ஒரு பெரிய செப்பு அண்டா, நாலு ஒலிபெருக்கி. சத்தத்தை விழுங்குகிறவருக்கு ஒலிபெருக்கி எதற்கு என்றும் கேட்கவில்லை. பொழுது விடிந்து அடையும்வரை அவர் மைக்கில் முழங்கிய முழக்கத்தில் காற்றாலைச் சத்தம் யார் காதிலும் விழவில்லை. "ஆகா, நின்னே போச்சு பாத்தியா!" என்று சனங்கள் மெய்சிலிர்த்தார்கள்.

முறை ரொம்ப எளிது. வீட்டுக்கு ஒரு பாட்டில் எடுத்துப் போகவேண்டும். அவர் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, முதலை மாதிரி வாயைப் பிளந்து, வீட்டுச் சத்தத்தை இழுப்பார். பாதியைப் பாட்டிலில் ஊதி அரக்கு வைத்து மூடித் தருவார். மீதியை அண்டாவில் துப்பி மூடியை அழுத்துவார். "அண்டாவ மட்டும் தொறந்துடாதீங்க! ஊர்ச் சத்தம் மொத்தமும் ஒண்ணாப் பாயும். காது கிழிஞ்சிடும்!" கட்டணம் எதுவும் கிடையாது. ஆனால் வெறுங்கையோடு வருகிறவர் பாட்டிலில் சத்தம் தங்காதாம்!

வரிசையில் முதல் ஆள் டெசிபல் மாமா. பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் ஒலியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத் தலைவர். பகுத்தறிவில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த ஒரு மூடநம்பிக்கை போதாதா, மற்றதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ள?

பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு மனைவிக்குப் பாடம் எடுத்தார்.

"வெற்றிடத்துல ஒலி பரவாது. பாட்டிலுக்குள்ள வெற்றிடம். ஆக, இது சுத்தமான அறிவியல்."

"ஏங்க, அவரு வாயால ஊதினாரே, அப்புறம் எப்படி வெற்றிடம்? சரி, வெற்றிடம்னே வச்சுக்கங்க. உள்ள ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உனக்கு அடிப்படையே தெரியல!" என்று திரும்பிப் படுத்தவர், குறட்டையால் சுவரை அறுக்கத் தொடங்கினார்.

ஊரே தூங்கியது. தூங்காதது காற்றாலைக்கு நேர் கீழே இருந்த தையல்காரியின் வீடு ஒன்றுதான். மறுநாள் கைக்குழந்தையோடு மாமாவைத் தேடி வந்தாள்.

"மாமா, சுத்துக்கு ஒரு தடவ டக்குனு இடிக்குது. புள்ள கண்ணே மூடல. தூக்கமில்லாம எனக்கு ஊசியில நூல்கூடக் கோக்க முடியல. நம்ம சங்கக் கூட்டத்துல பாதிப் பேர் கை தூக்கினாத்தான் காற்றாலை அதிகாரி மிஷின நிறுத்திப் பழுது பாப்பாராம். இல்லேன்னா நான் வீட்டக் காலி பண்ண வேண்டியதுதான்."

"நீ பாட்டில் வாங்கினியா?"

"இல்ல மாமா."

"அதான் விஷயம்!" என்றார் மாமா, நியூட்டனைப் போல.

மண்டபத்தில் நடந்த சங்கக் கூட்டத்துக்குக் காற்றாலை அதிகாரி வெள்ளை ஜீப்பில் வந்தார். மேடையில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அண்டாவோடு ஒலிவிழுங்கியார்.

"சத்தம் இருக்குன்னு சொல்றவங்க கை தூக்குங்க."

எழுந்தது தையல்காரியின் கை மட்டும். மாமா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"ரொம்ப நல்லது. பிரச்சினை தீர்ந்தது" என்று அதிகாரி எழுந்தார்.

தையல்காரி விறுவிறுவென்று மேடையேறினாள். "ஊர்ச் சத்தமெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு? அப்ப என் வீட்ல இடிக்கிறது என்ன?" கேட்ட வேகத்தில், இரைந்துகொண்டிருந்த ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினாள். அண்டாவின் மூடியைத் தூக்கினாள்.

ஐயையோ! கூட்டம் மொத்தமும் காதில் விரலை விட்டுக்கொண்டு குனிந்தது. மாமா நாற்காலிக்கு அடியில் புகுந்தார்; பாதிதான் புக முடிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக வெளியே வந்தது. பல நாளைக்குப் பிறகு ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டது.

ஹுஷ்... ஹுஷ்... டக்.

"பாத்தீங்களா! வெளிய வந்துடுச்சு! மூடுங்க, மூடுங்க!" என்று அலறினார் ஒலிவிழுங்கியார்.

மாமாவுக்கு வீரம் பொங்கியது. ஒரே பாய்ச்சலில் மேடையேறி, மூடியைப் போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தார். "யாரும் பயப்படாதீங்க! நான் இருக்கேன்!"

ஹுஷ்... ஹுஷ்... டக்.

மாமா இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தார்.

டக்.

"ஏங்க," முதல் வரிசையிலிருந்து மனைவி கேட்டாள், "நீங்கதான் மேலயே உக்காந்திருக்கீங்களே, இன்னும் வருதே?"

"எங்கயாவது ஓட்டை இருக்கும்."

"இருக்கு இருக்கு. ஆனா அண்டாவுல இல்ல. சத்தம் உங்களுக்குக் கீழேருந்து வருதா, ஜன்னல் வழியா வருதா? ஊருக்கெல்லாம் ஒலிப் பாடம் எடுத்தீங்களே, நல்லாக் கேட்டுச் சொல்லுங்க."

மாமா குனிந்து அண்டாவில் காதை வைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே இறக்கை சுழன்றது. டக். பாடப்புத்தகத்தின் முதல் பக்கம் அவர் கன்னத்தில் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது.

அண்டாவின் மேல் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். மனைவி தூக்கினாள். அப்புறம் மண்டபமே கைகளாகிவிட்டது. இரண்டு கையையும் தூக்கியவர்கள்கூட உண்டு. ஏமாந்த கணக்குக்கு ஒன்று போதாதாம்.

இதற்குள் ஒலிவிழுங்கியார் வாசலுக்கு ஓடி, பழக்கதோஷத்தில் அதிகாரியின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"யாருய்யா நீ? இறங்கு!" என்று அதிகாரி கத்தினார்.

டிரைவர் வெகுளி. "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? வழக்கம்போல லாட்ஜுலதானே விடணும்?"

அதற்குப் பிறகு அங்கே எழுந்த சத்தத்தை விழுங்க எந்த அண்டாவாலும் முடிந்திருக்காது. அன்றைக்கே காற்றாலை நின்றது. தளர்ந்து கிடந்த இறக்கையைக் கழற்றி முடுக்கினார்கள். இப்போது ஹுஷ் மட்டும் உண்டு, டக் இல்லை. தையல்காரியின் குழந்தை தூங்குகிறது. மாமாவின் பாட்டிலில் மண்ணெண்ணெய் இருக்கிறது. அவரைக் கேட்டால், "நான் அன்னைக்கு அண்டா மேல உக்காந்ததே ஒரு பரிசோதனைதான்" என்பார். விட்டுவிடுங்கள், வயதானவர்.

ஆனால் ஒன்று. திறந்து பார்க்காதே என்று எவனாவது எதையாவது மூடித் தந்தால், முதல் வேலையாகத் திறந்து பாருங்கள். காலியாக இருப்பது அவன் பாட்டிலா, நம் மண்டையா என்பது அப்போதுதான் தெரியும்.