சிபாரிசின் லாக்கர் கதவு

ஆம்பூர் வட்டாரத்தில் பரலோகம் வரைக்கும் செல்வாக்குள்ள ஆள் ஒருவன் இருந்தான் என்றால், அது எங்கள் ஷூ கம்பெனி ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை பார்த்த சிபாரிசுதான். எம்.எல்.ஏ. கடிதத்தோடு அலைந்தவர்களே கடைசியில் அவனிடம் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான்.

அவன் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். அவனுடைய லாக்கர் கதவின் உள்பக்கம் முழுக்கப் புனிதர்களின் படங்கள், செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். தொலைந்த பொருளுக்கு அந்தோணியார், வீடு வாசலுக்குச் சூசையப்பர், தொண்டைக்குப் பிளாசியார், கண்ணுக்கு லூசியம்மாள், டாக்டரும் வக்கீலும் கைவிட்ட கேஸுக்கு யூதா ததேயு. யார் வந்து குறை சொன்னாலும் கதவைத் திறந்து, உரியவர் முன்னால் ரெண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு மூடுவான். காரியம் இழுத்துக்கொண்டே போனால் அந்தப் படத்தைப் பிரித்து, முகம் கதவுத் தகரத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி ஒட்டிவிடுவான். "முடிச்சிட்டு வரட்டும், திருப்புறேன்" என்பான். அந்தோணியார் பாதி நாள் தகரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புராட்டஸ்டண்ட். அதிலும் சபையில் போதகருக்கு உதவியாக இருக்கிற டீக்கன். கல்யாணப் பந்தியில் ஜெபத்துக்கு நான் எழுந்தால் பிரியாணி ஆறிப்போகும் என்று பெயர் வாங்கியவன். அப்படிப்பட்ட என்னிடம் ஒருத்தராவது வந்து, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டது கிடையாது. எங்கள் சூப்பர்வைசர் காதர் பாய்கூட, மகளுக்கு வரன் அமைய வேண்டுமென்று அவனிடம்தான் போனார். "நம்ம விஷயத்தையும் காதுல போட்டு வையி தோஸ்த்" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. வெளியே அதற்கு வேத வைராக்கியம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

"நடுவுல ஏசு ஒருத்தர் போதும்டா. செத்துப் போனவங்ககிட்ட போய் இன்னா சிபாரிசு?" என்று கேன்டீனில் மடக்கினேன்.

"ஞாயித்துக்கிழமை உங்க சபையில எழுந்து நின்னு, எனக்காக வேண்டிக்குங்கன்னு கேக்குறாங்களே டீக்கனாரே, அது இன்னாவாம்?"

"அவங்கள்லாம் உயிரோட இருக்குறாங்க."

"எங்க ஆளுங்க உங்களவிட ஜாஸ்தி உயிரோட இருக்குறாங்க. தூங்குறதுகூட இல்ல" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு நாள், எங்களிடம் ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வரும் நேரத்தில், அவர் ஓகே பண்ணிய சாம்பிள் ஷூவில் இடது கால் காணோம். மேனேஜர் வியர்த்துப்போனார். இதுதான் சமயம் என்று நான் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி ஜெபத்தை ஆரம்பித்தேன். சிருஷ்டிப்பில் தொடங்கி, எகிப்து வழியாக, இஸ்ரவேலரைச் செங்கடல் கரைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். அதற்குள் கேன்டீன் பக்கமிருந்து ஷூவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிபாரிசு வந்தான். கேன்டீன் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் இருக்க யாரோ அந்த ஷூவை முட்டாக வைத்திருந்தார்களாம். மொத்த செக்‌ஷனும் கண்ணைத் திறந்து கைதட்டியது.

"அது என் ஜெபத்துக்குக் கிடைச்ச பதில்" என்றேன்.

"உன்னுது இன்னும் முடியவே இல்லயே. அதுக்குள்ள எப்டி பதில் வரும்?" என்றான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவி மெர்சிக்குத் தொண்டையில் கட்டி வந்து, வேலூரில் ஆபரேஷன். அன்று காலை அவள் தலையணையைச் சரிசெய்யப்போனால், அடியில் பிளாசியார் படம்.

"இது இன்னா?"

"சிபாரிசு அண்ணன் குடுத்தாரு. நான்தான் கேட்டேன்."

"தினமும் நான் ஜெபம் பண்றனே, போதலையா?"

மெர்சி படத்தை வாங்கி மறுபடி தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு, "நீங்க கண்ண மூடினா, இவளுக்குப் பொறுமையக் குடும், எதுத்துப் பேசுற நாவ அடக்கும்னு ஆரம்பிக்கிறீங்க. அது எனக்காகப் பண்ற ஜெபமா, என்மேல குடுக்குற புகாரா?" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான்தான் நாலைந்து நாள் பேச்சில்லாமல் கிடந்தேன்.

போன வருஷம் சிபாரிசுக்கே கண்ணில் கோளாறு வந்தது. பாலீஷ் போட்ட தோலில் முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கிற கண். அது போனால் அவனுக்குச் சோறு இல்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"எனக்காக ஒரு ஜெபம் பண்ணுடா."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்துக்கொண்டு, "உனக்குத்தான் லூசியம்மா இருக்காங்களே" என்றேன்.

"போனேன். ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் கேக்குறப்ப வாய் கிழியுது. எனக்குன்னு நின்னா குரலே வரமாட்டேங்குது. நீ நேரா போய்ப் பேசுறவனாச்சே."

கண்ணை மூடினேன். சிருஷ்டிப்பு வரவில்லை, எகிப்தும் வரவில்லை. "ஆண்டவரே, இவன் கண்ணைப் பாத்துக்கும். இவன் இல்லாம எனக்குப் பொழுது போகாது" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"ஆமென்" என்றான். நான் பார்க்கவில்லை என்று நினைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

கண் தேறியது. வந்த முதல் நாளே செக்‌ஷன் முழுக்க, "லூசியம்மா கைவிடல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். என் பெயரை எடுக்கவில்லை. வயிறு மறுபடி எரிந்தது. கேட்டே விடுவது என்று லாக்கர் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. லூசியம்மாளுக்குப் பக்கத்தில் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டியிருந்தது.

"உசுரோட இருக்குற ஆள் ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றான். அடுத்த வாரமே ஏதோ ஒரு விஷயத்துக்கு நானும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சித்திரையில் அவன் வேலையை விட்டுவிட்டு, குடியாத்தத்தில் மகள் வீட்டோடு போய்விட்டான். சொல்லிக்கொள்ளக்கூட என் மேஜைக்கு வரவில்லை. புனிதர்களை எடுத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுப் போயிருப்பான் என்று கறுவிக்கொண்டே லாக்கரைத் திறந்தேன். கதவில் செல்லோடேப் தழும்புகள்தான் இருந்தன. என்னையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான்.