திகதி கேட்காத கொம்பியூட்டர்

ஒருவனைச் சோம்பேறி என்று சொன்னால் கோபம் வரும். அதே ஆளைப் புரோகிராமர் என்று சொன்னால் கையைப் பிடித்துக் குலுக்குவான். இரண்டும் ஒரே நோய்தான் என்பதை நான் ஒத்துக்கொள்ள என் அக்காவின் கலியாணம் கிட்டத்தட்டக் குழம்ப வேண்டியிருந்தது.

எண்பத்தொன்பதில் எனக்கு இருபத்திரண்டு வயது. (விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) நல்லூரில் பிள்ளைகள் படிக்கும் ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த அறையில் சின்னராசா அண்ணை கொம்பியூட்டர் நிலையம் நடத்தினார். சவூதிக்குப் போனவர்கள் எல்லாரும் ரேடியோவும் போர்வையும் கொண்டுவர, இவர் மட்டும் ஒரு கொம்பியூட்டரோடு வந்து இறங்கியவர். அந்த ஒரு கொம்பியூட்டர்தான் நிலையம். தலைமைப் புரோகிராமர் நான். உதவிப் புரோகிராமரும் நான்தான்.

நான் எழுதிய மாபெரும் படைப்பு ஒரு சாதகப் புரோகிராம். பிறந்த திகதியையும் நேரத்தையும் கொடுத்தால் கட்டம் போடும், வயது சொல்லும், இப்போது எந்தக் கிரகத்தின் திசை நடக்கிறது என்று சொல்லும், அடுத்த விவாக காலம் எப்போது வரும் என்றும் சொல்லும். ஓட்டை போட்ட நீளத் தாளில், புள்ளி புள்ளித் தமிழில் அச்சாகி வரும். சனங்கள் அதை மடிக்காமல், சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் அந்த மிசினை எழுப்புவது பெரும்பாடு. முதல் பிளொப்பித் தட்டை உள்ளே வைத்தால் இன்றைக்கு என்ன திகதி என்று கேட்கும். அதற்குள்ளே நாள் பார்க்கும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறையும் அது 1980 ஜனவரி முதலாம் திகதி என்று நினைத்துக்கொண்டுதான் கண் விழிக்கும். திகதி அடித்தால் நேரம் கேட்கும். பிறகு அந்தப் பிளொப்பியை இழுத்துவிட்டு இன்னொன்றை வைத்து, தமிழ் எழுத்துகளைப் பிரிண்டருக்கு அனுப்பி, மூன்றாவதை வைத்துச் சாதகப் புரோகிராமை ஏற்ற வேண்டும். முழுசாகப் பத்து நிமிடம். அதற்குள் கரண்ட் போகும். அந்த நாட்களில் கரண்ட் வருவதும் போவதும் மருமகன் மாமியார் வீட்டுக்கு வருவது போலத்தான், வந்தால் உண்டு. திரும்ப வந்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டும்.

இந்தச் சடங்கில் திகதி அடிப்பது சின்னராசா அண்ணையின் உரிமை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், ஒவ்வொரு இலக்கமாகத் தேடி ஒற்றை விரலால் குத்துவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு வயது போய்க்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எங்கிருந்தோ கைக்கு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தேன். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, குறிப்பிட்ட பெயர் ஒன்றை அதற்கு வைத்தால், மிசின் எழும்பும்போதே தானாக எல்லாவற்றையும் செய்துவிடும். மூன்று நாள் இருந்து, மூன்று பிளொப்பியில் இருந்ததையும் ஒரே பிளொப்பிக்குள் அமுக்கி, அந்தக் கோப்பையும் எழுதினேன். சுவிட்சைப் போட்டேன். ஒரு கேள்வி கிடையாது. பிரிண்டர் தானாகக் கிர்ரென்றது. சாதகப் புரோகிராம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு நிமிடமும் ஆகவில்லை.

சின்னராசா அண்ணை நாட்காட்டித் தாளும் கையுமாக நின்றார்.

"தம்பி, திகதி கேக்கேல்லையே?"

"கேக்காது அண்ணை. இனி எல்லாம் அதுக்குத் தெரியும்."

(அந்தக் கோப்பு இருந்தால் திகதி கேட்பதை மிசின் விட்டுவிடும். கேட்காவிட்டால் 1980இலேயே படுத்துக் கிடக்கும். இது அந்தப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தைப் படிப்பவன் ஏன் புரோகிராமர் ஆகிறான்?)

இந்த நேரம் பார்த்துத்தான் அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்தி வந்தது. அக்கா எங்கள் ஊரான உடுவிலில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கனடாவில். அவருடைய தாய் அரியாலையில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர். சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் பார்த்து உத்தமம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ரீச்சர் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டியது மட்டுமே பாக்கி. எங்களைப் பெற்ற ஐயா ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கிழமைதான் வாய்விட்டுச் சிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கனடா மாப்பிள்ளைக்குக் கொப்பித் தாளில் எழுதிய சாதகமா என்று எனக்கு மானம் போனது. இருவருடைய விவரத்தையும் கொடுத்து இரண்டு தாள் அச்சடித்தேன். கட்டங்கள் சாத்திரியார் போட்டது போலவே இருந்தன. வேறு எதைப் பார்க்க வேண்டும்? சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ரீச்சர் வந்து கதிரையில் இருந்ததும் தாள்களை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"மனுசர் பிழை விடுவினம் ரீச்சர். கொம்பியூட்டர் பிழை விடாது."

ரீச்சர் வாசித்தார். சாதாரணமாக வாசிக்கவில்லை, பரீட்சைத் தாள் திருத்துகிறமாதிரி வரி வரியாக வாசித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பொம்பிளைக்கு எத்தினை வயசு?"

"இருபத்தேழு, ரீச்சர்" என்றார் ஐயா.

"இதிலை பதினேழு எண்டு கிடக்கு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கும். ரீச்சரின் விரல் கீழே இறங்கியது.

"அடுத்த விவாக காலம், எண்பத்தொண்டு ஆவணி. அப்ப எண்பத்தொண்டிலை பொம்பிளைக்கு என்ன நடந்தது?"

ஐயாவின் முகம் வெளிறிப் போனது. எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கலியாணம் ஒன்றை மறைத்துவிட்டோம் என்று ஒரு சொல் அரியாலைக்குப் போனால், அது உடுவிலுக்குத் திரும்பி வரும்போது அக்காவுக்கு இரண்டு பிள்ளையும் பிறந்திருக்கும்.

"மிசின் பிழை விட்டிட்டுது ரீச்சர்" என்றேன், யாருடைய குரலிலோ.

"நீர்தானே சொன்னனீர், உது பிழை விடாது எண்டு? பிழை விடுமெண்டால் கட்டமும் பிழையாயிருக்குமோ? பிழை விடாதெண்டால் எண்பத்தொண்டுக்கு மறுமொழி சொல்லும்."

எந்தப் பக்கம் போனாலும் நான் அம்பிட்டேன். உள்ளே கதவோரம் தேத்தண்ணித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்தேன். ஒரு காலை நேரச் சோம்பலுக்காக அவளுடைய வாழ்க்கையை வைத்து விளையாடிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அக்கா வந்து தட்டை மேசையில் வைத்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கதைப்பது அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு வழக்கமில்லை. அவள் குனிந்து தாளின் மேல் மூலையைப் பார்த்தாள்.

"ரீச்சர், மேலை அச்சடிச்ச திகதியைப் பாருங்கோ. எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி. இவன்ரை மிசின் இன்னும் அண்டைக்குத்தான் நிக்குது. எனக்குப் பதினேழு எண்டால் உங்கடை மகனுக்கு அதிலை இருபத்தொண்டு இருக்கவேணும்."

ரீச்சர் மற்றத் தாளை விரித்தார். இருபத்தொன்று. மாப்பிள்ளைக்கு அந்த மாசியோடு முப்பத்தொன்று முடிந்திருந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே பிழை" என்றாள் அக்கா. "உதுவும் ஒரு பொருத்தம்தானே?"

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருசமாய்ப் பிள்ளையளின்ரை கொப்பியிலை முதலிலை திகதியைத்தான் பாத்தனான். இண்டைக்கு நான் பாக்கேல்லை. நீர் பாத்தீர்." தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். "எனக்கு இந்தப் பிள்ளை காணும், வேறை ஒண்டும் வேண்டாம்."

அவர் போனபிறகு ஐயா என்னை ஏசவில்லை. ஒரு மாதம் என்னோடு கதைக்கவே இல்லை. சின்னராசா அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து கொம்பியூட்டருக்கு நேரே மேலே ஆணி அடித்துத் தொங்கவிட்டார். என் கோப்பின் முதல் வரியாகத் திகதி கேட்கும் கட்டளை ஏறியது. அடுத்த கிழமை முழுக்க, பிழையான தாள் வாங்கிப் போனவர்களின் வீடு வீடாகச் சைக்கிளில் போய், வயதைத் திருத்திக் கொடுத்தேன். (ஒரு வீட்டில் மட்டும் திருத்த விடவில்லை. தாளில் உள்ள வயதே நல்லாயிருக்கிறதாம்.)

அக்கா கனடாவுக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாராவது முட்டாள்தனமாக ஏதும் செய்தால், "உவனுக்கு இண்டைக்குத் திகதி போடேல்லை" என்பார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளும் அரைகுறைத் தமிழில் இதை மட்டும் பிழையில்லாமல் சொல்வார்கள். நானும் இன்றுவரை அதே தொழிலில்தான் இருக்கிறேன். காலையில் ஒரு பொத்தானை அமுக்கினால் எனக்கு வேண்டியது எல்லாம் தானாகத் திறந்து நிற்கும். நான் முதலில் திரையின் மூலையில் திகதியைப் பார்ப்பேன், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன், பிறகுதான் வேலை.

ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் அக்காவிடமிருந்து அழைப்பு வரும். இந்த வருடமும் வந்தது.

"தம்பி, எனக்கு எத்தினை வயசு?"

"பதினேழு, அக்கா."

"ஓம், உன்ரை மிசின் பிழை விடாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.