ஏழு மடங்குக் கயிறு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தான் செய்யாத வேலையை, அதைச் செய்கிறவர்களுக்கே சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளும் இனம். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாமல் பஸ் டிரைவருக்கு கியர் சொல்கிறவரையும், அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காமலே சாம்பாருக்குப் பெருங்காயம் போதாது என்று தீர்ப்பு வழங்குகிறவரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சாதுக்கள். அவர்களால் யாரும் சாவதில்லை. நான் சொல்லப்போவது இந்த இனத்திலேயே அபூர்வமான, ஆபத்தான வகை: சொந்தமாகப் படகு வைத்திருக்கும் கரைக் கேப்டன்.

கடலூரில் எனக்குத் தெரிந்து இந்த வகையில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் என் அக்காள் புருஷன் என்பது என் தலையெழுத்து.

பெயர் ராஜமாணிக்கம். அரசாங்கத்தில் இன்ஜினீயராக இருந்தவர், செம்மண்டலத்தில் வீடு. 2008இல் ஓய்வு பெற்ற மறுமாதமே, புதுச்சேரியை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, குட்டி அடுப்பு, உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும் கழிவறை. சோனாங்குப்பத்து மீனவர் அய்யனார் அதைத் தன் ஃபைபர் படகில் கட்டி கடலூர் முதுநகருக்கு இழுத்து வந்தார். மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

உப்பனாற்றில் அன்று கட்டிய படகு மூன்று வருஷம் அவிழவில்லை. அவிழ்ந்தது மாமாவின் வாய்தான்.

சிதம்பரத்தில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தேன். பந்தியில் உட்கார்ந்த மாமா, சோற்றைக் குவித்துப் படகாக்கி, அப்பளத்தைப் பாயாக நட்டு, ரசத்தைக் கடலாக ஊற்றி, பக்கத்து இலைக்காரர் மோருக்குக் கை நீட்டவும் முடியாதபடி தடுத்துவைத்துக்கொண்டு, நாற்பது நிமிஷம் பாடம் நடத்தினார். "காத்து ஏறுறதுக்கு முன்னாடியே பாயச் சுருக்கிடணும். மேல்தட்டுல நிக்கிறவன் இடுப்புல கயிறு கட்டிக்கணும். குடிதண்ணி ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர். நங்கூரம் போட்டா, தண்ணி எவ்ளோ ஆழமோ அதுமாதிரி ஏழு மடங்கு கயிறு வுடணும். ஏழு!" என்று விரல்களைக் காட்டினார். விரல்களில் ரசம் வழிந்தது.

கேட்டவர் திட்டக்குடியில் உரக்கடை வைத்திருப்பவர். அவருக்குக் கடலில் என்ன வேலை?

இதில் கொடுமை என்ன தெரியுமா? மாமா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் இங்கிலீஷ் புத்தகங்களிலிருந்து சுத்தமாக மனப்பாடம் செய்தவை. முப்பது வருஷம் கடலுக்குப் போய்வந்த அய்யனாரிடமும் அவற்றை ஒப்பிப்பார். அய்யனார் வலையைத் தைத்துக்கொண்டே "செரிங்க சார்" என்பார். என் அக்கா தமிழ்ச்செல்வி மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்துக் கேட்டாள். அவளை மட்டும் அவர் மாணவியாகக் கணக்கில் எடுத்ததில்லை.

2011 பொங்கல் முடிந்து படகைப் பார்க்கப் போயிருந்தோம். அய்யனாரின் மனைவி இருசம்மாள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சூதுவாது இல்லாமல் கேட்டாள்: "ஏன் சார், இது ஓடுமா?"

அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் எங்களைக் கடலில் இறக்கியது.

அடுத்த ஞாயிறு காலை மாமா, அக்கா, நான், ஒரு தூக்கு இட்லி. ஆழ்கடலுக்குப் போய், தெற்கே பரங்கிப்பேட்டை வரை இறங்கி, சாயங்காலத்துக்குள் திரும்புவதாகத் திட்டம். அய்யனார் வானத்தைப் பார்த்தார்.

"சார், மத்தியானத்துக்கு மேல வாடக் காத்து ஏறும். போறப்ப முதுகுப் பக்கம் அடிக்கிறதால ஒண்ணும் தெரியாது. திரும்புறப்பதான் தெரியும். நானும் வர்றேனே."

"ஒரு படகுக்கு ஒரு கேப்டன்தான்யா" என்றார் மாமா.

இன்ஜினைப் போட்டு முகத்துவாரம் தாண்டினோம். பாய் ஏறியது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்த முதல் இரண்டு மணி நேரம் அழகாக இருந்தது. வடகிழக்கிலிருந்து வந்த காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் படகு வழுக்கிக்கொண்டு போனது. அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. மாமாவை இத்தனை நாள் கேலி செய்தோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. ஆழ்கடல் என்று அவர் சொன்ன இடத்திலிருந்து கரையின் தென்னை மரங்களை எண்ண முடிந்தது என்றாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

சாமியார்பேட்டைக்கு நேராக வந்தபோது மாமா கடிகாரத்தைப் பார்த்து, "திருப்புவோம்" என்று சுக்கானைத் தள்ளினார்.

காற்று அங்கே காத்திருந்தது. அத்தனை நேரம் தள்ளிவிட்ட அதே காற்று இப்போது முகத்தில் அறைந்தது. பாய் முழுதாக விரிந்திருந்தது. சுருக்க வேண்டும் என்பது அப்பளத்தோடு போய்விட்டது. படகு ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. இட்லித் தூக்கு கடலுக்குப் போனது. நான் ஒரு கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வராமல் கத்தினேன். உயிர்காக்கும் சட்டைகள்? அழுக்காகக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உள்ளே பெட்டியில் பத்திரமாக இருந்தன.

மாமா சுக்கானை இறுகப் பிடித்தபடி வாந்தி எடுத்தார்.

"பாயக் கட்டியிருக்கிற கயித்த வுடுங்க!" என்றாள் அக்கா. அவர் அசையவில்லை. அவளே தவழ்ந்து போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு மெல்ல நிமிர்ந்தது. இன்ஜினைப் போட்டேன். தண்ணீரில் விழுந்து இழுபட்ட அந்தக் கயிறு இன்ஜின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ள, இன்ஜின் இருமிவிட்டு நின்றது. காற்றும் அலையும் எங்களைக் கரைப்பக்கம் தள்ளின. கரை என்றால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அங்கே அலைகள் உடைந்து வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தன. அதில் மாட்டினால் படகு தீப்பெட்டி.

மாமாவுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டு, பத்து மீட்டர் கயிறு விட்டு முடிச்சுப் போட்டார். நங்கூரம் மண்ணைக் கீறிக்கொண்டே கூடவே வந்தது.

"ஆழம் எவ்வளவு கார்த்திகேசா?" என்றாள் அக்கா.

ஆழம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். "ஆறு மீட்டர்க்கா!"

"என்னங்க, ஏழு மடங்கு வுடணும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"அது… அது புக்குல!" என்றார் மாமா.

அக்கா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, கை உரிய உரிய நாற்பத்திரண்டு மீட்டரையும் விட்டாள். கயிறு விறைத்தது. படகு ஒரு குலுக்கலோடு நின்றது. உயிர்காக்கும் சட்டைகளை எடுத்து வந்து எங்கள் இருவருக்கும் மாட்டிவிட்டு, கடைசியாகத் தனக்கு மாட்டிக்கொண்டாள். அய்யனாருக்குப் போன் செய்தவளும் அவள்தான். பேசி முடித்த பிறகுதான் உரிந்த உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து அய்யனார் வந்தார். விறைத்திருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு போட்டது? ஜோரா புடிச்சிருக்கே."

"நாந்தான்" என்றார் மாமா. வாந்தி இன்னும் சட்டையில் காயவில்லை.

மறுநாள் செம்மண்டலம் வீட்டில் விசாரிக்க வந்தவர்கள் கூட்டம். மாமா நாற்காலியில் சாய்ந்து கதை சொன்னார். "பதறாத தமிழு, கயித்த ஏழு மடங்கு வுடுன்னு சொன்னேன்…"

காபி கொண்டுவந்த அக்காவின் உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்தது. "ஆமாம், சொன்னாரு. மூணு வருசமா சொன்னாரு" என்று டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள். பாராட்டு என்று நினைத்து மாமா தலையாட்டினார்.

இப்போதெல்லாம் ஞாயிறு காலைகளில் அக்கா, அய்யனார் தம்பதியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு படகை எடுத்துப் போகிறாள். பாயைச் சுருக்குகிறாள், திருப்புகிறாள், திரும்பி வருகிறாள். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. மாமா கரையில் நின்று போனில் யோசனை சொல்வார். முகத்துவாரம் தாண்டினால் சிக்னல் கிடைப்பதில்லை என்கிறாள் அக்கா. எனக்குத் தெரிந்து அங்கே சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் படகு இல்லை, அந்தத் தைரியம். இந்த இனத்தில் சேரப் படகு எதற்கு? போன வாரம் ஊசி போட வந்த நர்ஸிடம் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று சொன்னது யார்? இதைப் படிக்கும்போதே, நம் இன்னாருக்கு இதை அவசியம் காட்ட வேண்டும் என்று ஒரு பெயர் உங்களுக்குத் தோன்றியிருக்குமே? அந்த இன்னார் நேற்றே படித்துவிட்டார். உங்களுக்குக் காட்டுவதற்காகப் பக்கத்தை மடித்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.