கிளட்ச் ஆன்டியும் டிராகன் இறக்கையும்

டிராகனைக் கொன்றுகொண்டிருக்கும்போதே கொட்டாவி விடக்கூடிய மனிதப் பிறவி இந்த மலேசியாவில் ஒருவர்தான். அவர் கிளட்ச் ஆன்டி.

அவருடைய உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. போனில் ஆடும் ஓர் ஆன்லைன் போர் விளையாட்டில் எங்கள் குழுவுக்கு அவர் தலைவி. நான் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வாளெடுக்கும் வீரன். குழுவில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

ஆன்டியின் குரல் ஒரே நேரத்தில் இரண்டு உலகங்களை ஆண்டது. கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர்.

"இடது பக்கம் பூதம் வருது, வெட்டு... கிளட்ச விடாத, விடாத... இப்ப மெதுவா விடு. நீ இல்லப்பா, நீ வெட்டு."

எது யாருக்கு என்று புரியாமல், வாளை மெதுவாக விட்டுவிட்டு நான் செத்த போர்கள் ஏராளம். சரியாகப் புரிந்துகொண்டவன் மட்டும் ஒருபோதும் தோற்றதில்லை. இப்படி ஆட வேண்டுமானால் ஆன்டி சோறு தண்ணீர் இல்லாமல் ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ராஜநாகத்தின் கணிப்பு.

ராஜநாகம் என்பது விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர். ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். அம்மை போட்டிருப்பதாகச் சொல்லி லீவு எடுத்து, விளையாட்டுக்குள் எங்கள் வாள்களுக்கு இரும்பு தோண்டியவன். அவனுக்கு நேர் எதிர் மல்லிகை. சுங்கை பூலோவில் நர்ஸ். டீ குடிக்கிற இடைவேளையில் வருவார், காயம்பட்ட எங்களுக்கு உயிர் கொடுப்பார், போய்விடுவார்.

பல வாரம் எங்களைப் பொசுக்கித் தின்ற டிராகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செத்து விழுந்தது. அதிலிருந்து ஒரே ஒரு ஜோடி இறக்கை கிடைத்தது. அணிந்தவர் பறக்கலாம். யாருக்கு என்பதைத் தலைவி முடிவு செய்ய வேண்டும்.

"நியாயமா எனக்குத்தான் வரணும் ஆன்டி," என்றான் ராஜநாகம். "நான் தினமும் கிடந்து சாகறேன். மல்லிகை சும்மா வந்துட்டுப் போறாங்க."

"அது தீ கக்குனப்போ உங்க உயிர யாரு காப்பாத்துனா? அத மட்டும் சொல்லுங்க," என்றார் மல்லிகை.

குழு இரண்டாக உடைந்தது. சிலர் வேறு குழுவுக்குப் போகப்போவதாகச் சொன்னார்கள்.

"இது போன்ல பேசற விஷயமில்ல," என்றார் ஆன்டி. "சனிக்கிழம கிள்ளானுக்கு வாங்க."

ராஜநாகத்துக்குத் தனியாகப் போகப் பயம். என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மல்லிகைக்கு வேலை, என் போனில் இருந்தார்.

டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் ஆன்டியைக் கண்டோம். குட்டையான உருவம், பெரிய ஓலைத் தொப்பி, வாயில் விசில். ஒரு கையில் குடை, மறு கையில் போன். மஞ்சள் கார் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள், விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, கட்டைவிரலால் மூன்று பூதங்களை முடித்தார். கார் அருகில் வந்ததும் போன் பைக்குள் போய்விட்டது.

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் ஆடுவீங்க ஆன்டி?" என்று ராஜநாகம் மெல்லக் கேட்டான்.

"மணி நேரமா? இவங்க ஒரு ரவுண்டு போய்ட்டு வர்ற நேரந்தான் லா. வீட்டுக்குப் போனா போன தொட மாட்டேன். கண்ணு எரியும்."

ராஜநாகம் பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டான்.

"இங்க பாருப்பா," என்றார் ஆன்டி. "நீ தோண்டலன்னா நம்ம கையில வாளே இல்ல. அதனால இரும்புல முதல் பங்கு எப்பவும் உனக்கு. அது உழைப்பு. ஆனா டிராகன்கிட்ட ரெண்டு பேரும் நின்னீங்க. நீ இல்லன்னாலும் அது செத்திருக்காது, அவ இல்லன்னாலும் செத்திருக்காது. இத மணி பாத்துப் பிரிக்க முடியாது. சீட்டுதான் போடணும்."

சீட்டுக்குப் பதிலாகக் காரைக் காட்டினார். உள்ளே சரஸ் அக்கா. ஒவ்வொரு டெஸ்டிலும், மேட்டின் பாதியில் நிறுத்தி மறுபடி ஏற வேண்டிய இடத்தில், பின்னால் உருண்டு தோற்றுப்போனவர்.

"உருளாம ஏறிட்டா றெக்க உனக்கு. உருண்டா மல்லிகைக்கு."

"சரஸ் அக்காவா?" என்றது என் போன். "அவங்களுக்கு நீங்க கத்தறத தினமும் கேக்கறேனே. கண்டிப்பா உருளும். எனக்கு ஓகே."

கார் மேட்டின் பாதியில் நின்றது. டிராகன் முன் நடுங்காத ராஜநாகம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "பாதி விடுங்கக்கா, பாதிதான்," என்று முணுமுணுத்தான். ஆன்டி மட்டும், நாங்கள் அறிந்த காலத்தில் முதல் முறையாக, ஒரு வார்த்தை பேசவில்லை. கார் உடம்பெல்லாம் உதறியது. உறுமியது. ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் உச்சிக்கு ஏறியது.

சரஸ் அக்கா கதவைத் திறந்துகொண்டு குதிக்கப் பார்த்தார்.

"மொதல்ல ஹேண்ட் பிரேக்க போடு," என்றார் ஆன்டி.

"நெஜமாவே ஏறிட்டாங்களா?" தோற்ற மல்லிகைதான் எங்களில் அதிகமாகக் கைதட்டினார். ராஜநாகமோ சரஸ் அக்காவிடம் ஓடி, எப்படி ஏறினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இறக்கை தன் கணக்குக்கு வந்துவிட்டதைக் திரும்பும் வழியில், கொமுட்டர் ரயிலில்தான் கவனித்தான். குழுவை விட்டு யாரும் போகவில்லை.

கார் ஓட்ட எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் எப்போதாவது ஒரு சனிக்கிழமை கிள்ளானுக்குப் போய்விடுகிறேன்.

"என்னப்பா, மறுபடியும் சண்டையா?" என்பார் ஆன்டி.

"இல்ல ஆன்டி, சும்மாதான்."

கார்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், காலால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் குடைக்கடியில் எனக்காகத் தள்ளுவார். மைதானத்தில் நிழல் விழுகிற ஒரே இடம் அதுதான்.