அப்பா மறந்த பாஸ்வேர்டும் ஆடும் நாற்காலியும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக அப்பா வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றினார். பிறகு ஹாலின் நடுவில் நின்று பிரகடனம் செய்தார்.

"இன்னையிலேருந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் இந்த வீட்ல நெட் கிடையாது. மனுஷங்க மனுஷங்களோட பேசப் போறோம்."

அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"யாரோட?"

"நமக்குள்ளதான்."

"நமக்குள்ள பேச என்ன இருக்கு?"

அப்பா யோசித்தார்.

"அதைத்தான் பேசிக் கண்டுபிடிக்கணும்" என்றார்.

பேச்செல்லாம் பொய். உண்மைக் காரணம் எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒளித்து வைத்துக்கொண்டு நோகடிக்கும் கதைகளை எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்திலேயே போதும் போதும் என்று படித்தாகிவிட்டது.

அப்பா ஒரு பெரிய பர்னிச்சர் கடையில் சேல்ஸ்மேன். கடை முழுக்க நாற்காலிகள். சுற்றுகிற நாற்காலி, சாய்கிற நாற்காலி, உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மனசு வராத நாற்காலி. எதிலும் அவர் உட்காரக் கூடாது, அது கடைச் சட்டம். வருகிறவர்கள் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று போய்விடுவார்கள். அப்பா துணியை எடுத்து அவர்கள் உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிட்டு நிற்பார். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால், தோலில் இன்னொரு சாக்ஸ் போட்டிருப்பது போலத் தடம் இருக்கும்.

அவருக்கு ஒரு ஆடும் நாற்காலி வேண்டும். வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டாம். பழைய சாமான்களை ஏலம் விடுகிற ஒரு வலைத்தளத்தில் அதைப் பார்த்துவிட்டார். கறுத்த மரம், பிரம்புப் பின்னல், யாரோ வருஷக்கணக்காகத் தடவித் தடவி மினுமினுக்க வைத்த கைப்பிடி. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஏலம் முடிகிறது. போன முறை இப்படித்தான் ஒன்று கைக்கு வந்திருக்க வேண்டியது. கடைசி நிமிஷத்தில் நான் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சித்தியுடன் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடிப்பதற்குள் நாற்காலி யார் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்தது.

அதனால்தான் இந்தப் பாஸ்வேர்ட். மொத்த நெட்டும் அவர் ஒருவருக்கு.

அம்மாவிடம் கேட்டே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியாது. கடையில் அடிபட்டு விற்காமல் போன சாமான்களையெல்லாம் அப்பா ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று கால் டீப்பாய், கண்ணாடி இல்லாத டிரஸ்ஸிங் டேபிள், ஏறுவதற்கே ஏணி கேட்கும் ஒரு ஸ்டூல். கடைசியாக அந்த ஸ்டூல் வந்த அன்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இனிமே கால் வெச்ச சாமான் எதுவும் இந்த வாசப்படியைத் தாண்டக் கூடாது. உங்களைத் தவிர."

சனிக்கிழமை அப்பா ராஜா மாதிரி நடந்தார். வாங்கின பொருள் ஏற்கெனவே வந்துவிட்ட நடை. ஞாயிறு மதியம் தன் போனில் போடப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று.

அன்றைக்குத் தூறல். சாப்பிட்ட பிறகு வீடு அப்படியே மிதக்க ஆரம்பித்தது. நெட் இல்லாத வீடு இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சின்னச் சத்தமெல்லாம் பெரிசாகி வந்தது. குழாய் சொட்டுவது பக்கத்து அறையில் யாரோ நடப்பது போல இருந்தது. ஜன்னல் திரை ஒரு மூச்சு உள்ளே வந்து, யோசித்து, வெளியே போனது. நான் தரையில் படுத்து கூரையின் ஈரக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஆமை. கொஞ்ச நேரத்தில் தீவு. தீவில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்பாதான். காதருகே வந்து குசுகுசுத்தார்.

"கண்ணு, நான் என்ன பாஸ்வேர்ட் வெச்சேன்?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே வெச்சீங்க."

"மறக்கவே முடியாததா ஒண்ணு வெச்சேன்டா."

"அப்ப மறந்திருக்காது. தேடுங்க."

"தேடிட்டேன். உன் பேரு, அம்மா பேரு, எங்க கல்யாண நாள், எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன்."

"உங்க கல்யாண நாள் எப்பப்பா?"

சொன்னார். நான் சிரித்தேன்.

"அது மாமாவோட கல்யாண நாள்."

அவர் வெளிறிப்போனார். சரியான தேதியைப் போட்டார். அதுவும் இல்லை. அப்பாவின் அதிர்ஷ்டம், மறக்கவே முடியாதது என்று வைத்து மறந்தது அந்தத் தேதியாக இருந்திருந்தால் இன்னும் மோசம். வைஃபை பெட்டியைக் கவிழ்த்து அடியில் எறும்பு எழுத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தார். அது அவரே மாற்றிவிட்ட பழையது.

"பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கு. ஊசியால குத்தினா எல்லாம் அழிஞ்சு புதுசாயிடும்" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் கம்பெனிக்காரர் வந்து மறுபடி இணைச்சுக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை போனே எடுக்க மாட்டாங்க."

நான் நீட்டிய ஊசியைப் பிடுங்கி எறிந்தார்.

எங்கள் சுவர்களுக்குள் போன் சிக்னல் நுழையாது. மொட்டை மாடி மூலையில் மட்டும் ஒரு கோடு வரும். அப்பா குடையை எடுத்துக்கொண்டு ஏறினார். நானும் பின்னால் போனேன். தூறலில், குடைக்கு வெளியே கையை நீட்டி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு படம் மேலிருந்து கீழாக இறங்க ஆரம்பித்தது. தலைசாய்க்கிற இடம் வந்தது. கைப்பிடியில் பாதி வந்தது. அதோடு நின்றுவிட்டது. அந்தப் பாதியை அவர் குழந்தை முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கீழேயிருந்து அம்மாவின் குரல். "மழையில என்ன பண்றீங்க?"

"ரசிக்கறேன்!"

"எதை?"

"மழையைத்தான்!"

"ரசிச்சது போதும், இறங்குங்க. சளி பிடிச்சா அதையும் நான்தான் பார்க்கணும்."

மணி நாலைத் தாண்டியிருந்தது. இறங்கி வந்தவர் சரணடைந்தார். பாதி சரணாகதிதான்.

"ஏம்மா, கடை மேனேஜருக்கு ஒரு போட்டோ அனுப்பணும். அவசரம். பாஸ்வேர்ட் வாய் நுனியில நிக்குது, வெளிய வர மாட்டேங்குது."

இங்கே அம்மாவின் வேலையைச் சொல்ல வேண்டும். அம்மா பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். பயந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பேசிப் பேசியே வாயைத் திறக்க வைப்பாள். டாக்டரே அவளுடைய குரலுக்குத்தான் கூட்டம் வருகிறது என்று சொல்வாராம்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாய் நுனியிலதானே? எடுத்துடலாம். சோபாவுல படுங்க."

"படுத்தா?"

"கண்ணை மூடுங்க. கையைத் தளர்த்துங்க. அந்த நெத்தியை ஏன் சுருட்டி வெச்சிருக்கீங்க? விடுங்க."

திரையை இழுத்தாள். அறை தண்ணீருக்குள் இறங்கியது போல ஆனது. சோபாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரிக் குரலை எடுத்தாள். அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. எனக்கே தூக்கம் சொக்கியது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையை விட்டு வெளிய வர்றீங்க. கால் எப்படி இருக்கு?"

"கனக்குது."

"பஸ்ல இடம் கிடைச்சுதா?"

"இல்ல… நின்னுட்டுதான் வந்தேன்…"

"வீட்டுக்கு வந்துட்டீங்க. போனைக் கையில எடுக்கறீங்க. மனசுல என்ன ஓடுது?"

அப்பாவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"ஆடுது…"

"எது?"

"முன்னாடி போகுது… பின்னாடி வருது… ஜன்னல் பக்கத்துல…"

"எதுங்க ஆடுது?"

"நாற்காலி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் குரல் ஒரு இழைகூட மாறவில்லை.

"நல்ல நாற்காலியா?"

"பிரம்பு… கறுப்பு மரம்…"

"எங்க இருக்கு அது?"

பல்லைப் பிடுங்குவது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. வலைத்தளத்தின் பெயர் வந்தது. ஆறு மணி வந்தது. போன முறை சுற்றிய வட்டம் வந்தது. ஜெயித்தால் நாற்காலியைக் கொஞ்ச நாள் மாடிவீட்டுக்காரரிடம் வைத்துவிட்டு, அம்மா நல்ல மனநிலையில் இருக்கும்போது உள்ளே கொண்டுவருவதாகத் திட்டம். அதுவும் வந்தது.

"அவ நல்ல மனநிலையில எப்ப இருப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியல… அதான் அவர்கிட்ட வருஷக்கணக்குல வெச்சுக்கச் சொல்லியிருக்கேன்…"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலையணையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"சரி. பாஸ்வேர்டுக்கு என்ன எழுதினீங்க?"

"இனி நான் உட்காருவேன்."

"ஆங்கில எழுத்துலயா?"

"ம்… எல்லாம் சின்ன எழுத்து… சேர்த்து…"

"கடைசியில எண் ஏதாவது?"

"ஒண்ணு."

"ஏன் ஒண்ணு?"

"ஒண்ணே ஒண்ணு போதும் எனக்கு…"

அடுத்து வந்தது குறட்டை.

அம்மா சத்தம் போடாமல் தன் போனை எடுத்துத் தட்டினாள். திறந்துகொண்டது. கூடவே நானும் என் போனில் தட்டினேன். ரெண்டு நாள் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"உஷ்."

அவள் நாற்காலியின் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சோபாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் காலைப் பார்த்தாள். விடுமுறையிலும் மறையாத சாக்ஸ் தடம்.

"பாவம். வீங்கிக் கிடக்கு" என்றாள்.

"வாங்கித் தரப் போறியா?"

அம்மா தன் காலை நீட்டினாள். அவளுடைய கணுக்காலிலும் அதே வீக்கம், செருப்பு வாரின் தடம். பல் ஆஸ்பத்திரியில் இருக்கும் நல்ல நாற்காலி நோயாளிக்கு. சக்கரம் வைத்த நாற்காலி டாக்டருக்கு. மூன்றாவது ஒன்று கிடையாது. இத்தனை வருஷமாக இதை நான் கவனித்ததே இல்லை. அப்பாவும்தான்.

ஆறு மணியை நெருங்க நெருங்க, யாரோ ஒரு ஆள் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போனான். அம்மா விடவில்லை. அவன் ஏற்றினால் இவளும் துளியூண்டு ஏற்றினாள். காய்கறி வாங்கும்போது முகம் எப்படி இருக்குமோ அப்படி.

"போனை அணைச்சு வைடி. வட்டம் சுத்துது!"

அணைத்தேன். தூறல் நின்றது. ஜன்னலில் மஞ்சள் வெயில் வந்து அப்பாவின் குறட்டை மேல் உட்கார்ந்தது. அம்மா நிமிர்ந்தாள்.

"வந்துடுச்சு" என்றாள், ரகசியமாக.

விளக்கு போட்ட பிறகுதான் அப்பா எழுந்தார். எழுந்த வேகத்தில் கத்தினார்.

"ஞாபகம் வந்துடுச்சு!"

தட்டினார். திறந்தது. பார்த்தார். 'விற்றுவிட்டது' என்று போட்டிருந்தது. சோபா நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

அம்மா துணி மடித்தபடி கேட்டாள். "நெட் வந்துடுச்சுல்ல? மேனேஜருக்குப் போட்டோவை அனுப்புங்க."

"இனி வேண்டாமாம்."

"ஏன் முகம் தொங்குது?"

"ஒண்ணுமில்ல. தூக்கக் கலக்கம்."

இரண்டு நாள் அப்படியே கிடந்தார். சாப்பாட்டில் உப்பு இல்லாததைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. அப்பாதான் கதவைத் திறந்தார். வேன்காரர் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். அப்பா கனவு என்றே நினைத்திருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, மறுபடி திறந்து பார்த்தார்.

"உள்ள எடுத்துட்டு வாங்க. ஜன்னல் பக்கத்துல" என்றாள் அம்மா.

"ஏம்மா… நீயா வாங்கினே? உனக்கு எப்படித் தெரியும்?"

"மனுஷங்க மனுஷங்களோட பேசணும்னு நீங்கதானே சொன்னீங்க. பேசினீங்க. கேட்டுக்கிட்டேன்."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. வேன்காரரிடமிருந்து தானே வாங்கி, தூக்கி, துடைத்து, வெளிச்சம் விழும்படி திருப்பி வைத்தார். ஒரு தடவை லேசாகத் தொட்டார். அது முன்னால் போய், பின்னால் வந்தது. வேஷ்டியைச் சரி செய்துகொண்டு, ஒரு மூச்சு இழுத்து, உட்காருவதற்குத் திரும்பினார்.

அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிச் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள். அப்பா ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கனைத்தார்.

"எப்படிம்மா இருக்கு?"

"மேகத்துல இருக்கற மாதிரி இருக்குங்க. தரையில கால் எட்ட மாட்டேங்குது. அப்படியே பின்னாடி நின்னு கொஞ்சம் ஆட்டி விடுங்களேன்."

அன்றைக்குத் தொடங்கியது. தினமும் சாயங்காலம் அப்பா ஜன்னல் பக்கத்தில் நின்று ஆட்டுகிறார். அம்மா தூங்குகிறாள். நிறுத்தினால் விழித்துக்கொள்கிறாள். நேற்று நான் அந்தப் பக்கம் போனபோது என்னைச் சைகையால் கூப்பிட்டுக் குசுகுசுத்தார்.

"கண்ணு, கடையிலகூட மத்தியானம் சாப்பிடற நேரத்துல உட்கார விடறாங்கடா."